பிளக் ஏன் கறுக்கிறது? பழைய பைக்கில் ‘ரிச்’ கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மைலேஜ் விழுந்துவிட்டது. சைலன்சரில் கரும்புகை. சிக்னலில் நின்றால் வண்டி திணறி அணைகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரே கரி. பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதைதான். “வண்டி ரிச்சா ஓடுது” என்பார் மெக்கானிக், அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உடனே அடுத்ததாக “ஜெட்டை மாத்திடலாம்” என்பார் பாருங்கள், அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். (ஜெட் என்பது, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள துண்டு.)

அந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இதே நம்பர் ஜெட்டோடுதான் வந்தது, ஒழுங்காகவும் ஓடியது. மெயின் ஜெட்டின் துளை தானாகப் பெரிதாகாது. அப்படியென்றால் நடுவில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. எதுவோ தேய்ந்திருக்கும், எங்கோ கசியும், ஏதாவது அடைத்திருக்கும், இல்லையென்றால் முன்பு வைத்திருந்தவர் கை வைத்திருப்பார். அதைக் கண்டுபிடிக்காமல் ஜெட்டைச் சின்னதாக்கினால் ஒரு கோளாறின் மேல் இன்னொன்றை ஏற்றியதாகத்தான் ஆகும். அடுத்து வருபவருக்கு எது மூலக் கோளாறு என்றே புரியாது.

ரிச் என்றால்

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. இதைக் கொள்ளளவாக மாற்றிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. இந்த விகிதத்தில் பெட்ரோல் கூடினால் ரிச், காற்று கூடினால் லீன்.

ரிச் என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். முழு ஆக்ஸிலேட்டரில் எஞ்சின் அதிக சக்தி தருவது 12.5 முதல் 13 வரையான விகிதத்தில், அதாவது கொஞ்சம் ரிச்சான கலவையில்தான். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது இன்னும் நிறையவே பெட்ரோல் வேண்டும். குளிரில் அதில் ஒரு பகுதிதான் ஆவியாகும், மீதி இன்டேக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோக் இருப்பதே அதற்காக. எஞ்சின் சூடான பிறகும் அந்த அளவு பெட்ரோல் போய்க்கொண்டிருந்தால்தான் தொல்லை.

முழுதாக எரியாத பெட்ரோல் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. கரி, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் நுனியில் பொறியாகத் தாவ வேண்டிய மின்சாரம் கரி வழியே வழிந்து பாடிக்குப் போய்விடுகிறது. பொறி பலவீனமாகிறது, இன்னும் பெட்ரோல் எரியாமல் போகிறது, இன்னும் கரி சேர்கிறது. பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். மெதுவாகவே ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை.

பிளக்கோடு போனால் பரவாயில்லை. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், ரிங் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். ஆகவே ரிச்சாக ஓடுவது லீனைவிடப் பாதுகாப்பானது என்ற பேச்சை ஒரு எல்லைக்கு மேல் நம்பக்கூடாது. லீன் சீக்கிரம் பிஸ்டனைக் கெடுக்கும், ரிச் பொறுமையாக ரிங்கையும் பேரிங்கையும் கெடுக்கும்.

கார்பன் மோனாக்சைடு என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கீழே வரும் சோதனைகளுக்கு எஞ்சினை ஓட்ட வேண்டியிருக்கும். அதை வெளியில் வைத்துச் செய்யுங்கள். மூடிய ஷெட்டில், ஷட்டரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுகூட வேண்டாம். அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

முதலில், இது ரிச்தானா?

கறுத்த பிளக் எல்லாமே ரிச் ஆகிவிடாது. கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளப்பே இல்லாத, உலர்ந்த, விரலில் ஒட்டும் கரி என்றால் ரிச்சாக இருக்கலாம். ஈரமாக, மினுமினுப்பாக, விரலில் வழுவழுப்பாக இருந்தால் அது ஆயில். ரிங், வால்வு கைடு பக்கம் போக வேண்டும், கார்புரேட்டரைத் தொட வேண்டாம். ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை அடித்தால், ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும், அல்லது பொறியே வரவில்லை.

புகையும் அப்படித்தான். கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி, நீலம் என்றால் ஆயில். காலையில் கிளப்பியதும் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி.

டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. கிராங்கின் கிளட்ச் பக்க ஆயில் சீல் போய்விட்டால், அது கியர் ஆயிலை உள்ளே உறிஞ்சும். பிளக் நனையும், புகை அள்ளும், பார்ப்பவர்கள் எல்லாரும் கார்புரேட்டரையே குற்றம் சொல்வார்கள். கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாக ஆளை ஏமாற்றுவது இக்னிஷன். பொறி பலவீனமாக இருந்தால் சரியான கலவைகூடப் பாதி எரியும், அதே உலர்ந்த கரி படியும், அதே திணறல் வரும். பாயின்ட் (பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த வண்டிகளில் பாயின்ட் கருகியிருக்கலாம், அதன் இடைவெளி மாறியிருக்கலாம், காண்டென்சர் சூட்டில் மட்டும் மக்கர் செய்யலாம். பிளக் கேப்பில் இருக்கும் ரெசிஸ்டர் அறுந்து போவதும் உண்டு. அதனால்தான் கார்புரேட்டரைக் கழற்றும் முன் இக்னிஷனை முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. புது பிளக் ஒன்று, வண்டியின் மேனுவல் சொல்லும் பாயின்ட் இடைவெளி, டைமிங் (பொறி விழும் நேரம்). இந்த மூன்றையும் சரி செய்த பிறகும் கரி பிடித்தால் மட்டுமே ஸ்க்ரூடிரைவர் கார்புரேட்டர் பக்கம் போகட்டும்.

புது பிளக் வாங்கும்போது ஹீட் ரேஞ்ச் நம்பரைப் பாருங்கள். முன்னால் இருந்தது தப்பான நம்பராக இருக்கலாம். என்ஜிகே பிளக்கில் நம்பர் கூடக் கூட பிளக் ‘குளிர்ச்சி’. 7 இருக்க வேண்டிய இடத்தில் 9 போட்டிருந்தால் நுனி சூடேறாமல் கரி பிடிக்கும். வேறு சில கம்பெனிகளில் இந்தக் கணக்கு தலைகீழ், அதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, பொறி நன்றாக இருக்கிறது, ஆயிலும் இல்லை. இனி வண்டியின் குணத்தைக் கவனியுங்கள். லீனாக ஓடும் எஞ்சின் குளிரில் முரண்டு பிடித்து, சூடானால் சமாதானமாகும். ரிச்சாக ஓடுவது நேர்மாறு. காலையில் சோக்கே இல்லாமல் ஒரே கிக்கில் கிளம்பும், சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் திணற ஆரம்பிக்கும். சோக் போடாமல் கிளம்புகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு புகார்.

சத்தமும் காட்டிக்கொடுக்கும். ரிச்சான எஞ்சின் கனத்த, மந்தமான சத்தத்தோடு ஓடும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தடதடவென்று தயங்கிய பிறகே ஏறும். ஃபோர் ஸ்ட்ரோக்கில், எரிய வேண்டிய முறைகளில் ஒன்று விட்டு ஒன்றில்தான் எரியும்; பழைய டியூனிங் குறிப்புகளில் இதை எயிட் ஸ்ட்ரோக்கிங் என்பார்கள். டூ ஸ்ட்ரோக் அதேபோல ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி ஒலிக்கும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு தெருமுனையில் வரும் வண்டியிலும் கண்டுபிடித்துவிடலாம்.

பெட்ரோல் டேப்பை மூடிப் பாருங்கள்

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி ஐட்லிங்கில் விடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஃப்ளோட் கிண்ணத்தில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் இடம்) மிச்சமிருப்பதை வைத்து எஞ்சின் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க ஜெட்டுக்கு ஏறும் பெட்ரோல் குறையும், அதாவது கலவை மெல்ல மெல்ல லீனாகும். நீங்கள் செய்ய வேண்டியது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது மட்டும்தான்.

சரியான கலவையில் ஓடும் எஞ்சின் பெரிய மாற்றமில்லாமல் ஓடி, அணைவதற்குச் சற்று முன் மட்டும் லேசாக வேகம் கூடி நின்றுவிடும். ரிச்சான எஞ்சின் கொஞ்ச நேரத்திலேயே தெளிய ஆரம்பிக்கும். தடதடப்பு குறையும், ஆர்பிஎம் தானாக ஏறும், சைலன்சர் சத்தம் சீராகும், அப்படியே நல்ல நேரம் ஓடிவிட்டுத்தான் அணையும். பெட்ரோல் குறைந்தால் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால் வேறென்ன சாட்சி வேண்டும்? மட்டம் குறைந்ததும் தெளிகிறது என்பதால் ஃப்ளோட் மட்டத்தின் மேலும் ஒரு சந்தேகத்தை இப்போதே போட்டு வைக்கலாம்.

எஞ்சினின் உறிஞ்சலால் தானே திறக்கும் வேக்யூம் டேப் உள்ள வண்டியில் மூடும் நிலை பெரும்பாலும் இருக்காது. அங்கே பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, டேப் பக்கத்தை அடைத்துவிட்டு இதையே செய்யலாம். சூடான சைலன்சர் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனை சோக். சூடான எஞ்சினில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். உடனே மூச்சு முட்டினால் கலவை ஏற்கெனவே ரிச். இன்னும் நன்றாக ஓடினால் வண்டி லீன், இவ்வளவு நேரம் தப்பான நோய்க்கு மருந்து தேடியிருக்கிறோம். மூன்றாவது, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஓட்டம். வண்டி பளிச்சென்று மாறினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. அழுக்கு மட்டும் இல்லை, ஃபோம் ஃபில்டரில் ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டாலும் இதே கதைதான். பல ‘கார்புரேட்டர் வேலை’ இந்த இடத்திலேயே முடிந்திருக்கிறது.

எந்தத் திறப்பில் ரிச்?

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். பழைய கார்புரேட்டர் என்பது ஒரே துளை வழியாகப் பெட்ரோலைக் கொட்டும் பெட்டி கிடையாது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உள்ளே வேறு வேறு வழிகள் வேலை செய்கின்றன. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் மிக்ஸர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மேலே ஏறிக் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடின் அடியில் இருக்கும் சாய்வான வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடோடு ஏறி இறங்கும் கூம்பு ஊசியான நீடிலும் அது நுழைந்திருக்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதாக எல்லை கறாராக இருக்காது, ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

முக்கியமாக, இது வேகத்தையோ ஆர்பிஎம்மையோ பொறுத்ததில்லை. அறுபதில் போகும்போது திணறுகிறது என்று சொன்னால் ஒன்றும் புரியாது. அறுபதில் சமதரையில் போகும்போது கை கால் பங்கு திருகியிருக்கும், மேட்டில் ஏறும்போது முக்கால் பங்கு. இரண்டும் வேறு வேறு ஜெட்.

அதனால் ஒரு துண்டு வெள்ளை டேப்பை எடுத்து ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒட்டுங்கள். பக்கத்தில் அசையாத ஹவுசிங்கில் ஒரு கோடு. கேபிளின் தளர்வை எடுத்த இடத்தை பூஜ்யம் என்று குறித்து, முழுத் திருப்பு வரை கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போடுங்கள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கோட்டிலும் சற்று நேரம் நிலையாக ஓட்டி, எங்கே திணறுகிறது என்று பாருங்கள். சைலன்சர் கரியை மணிக்கணக்கில் ஆராய்வதைவிட இந்த டேப் துண்டு அதிகம் சொல்லும்.

இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்துவது, கேபிளே ஸ்லைடைத் தூக்கும் வகைகளுக்கு: 1955-ல் வந்த அமால் மோனோபிளாக், 1967-ல் வந்த அமால் கான்சென்ட்ரிக், மிக்குனி விஎம் போன்றவை. சிவி எனப்படும் இன்னொரு வகைக் கார்புரேட்டரில் கை திருகுவது உள்ளே இருக்கும் ஒரு தகட்டை மட்டும்தான். ஸ்லைடைத் தூக்குவது எஞ்சினின் உறிஞ்சல். அங்கே டேப் கோடுகள் தோராயமாகத்தான் பொருந்தும்.

எல்லாத் திறப்பிலும் ரிச் என்றால்

ஐட்லிங், நடு, முழுசு என எங்கேயும் ரிச் என்றால் எந்த ஒரு ஜெட்டும் காரணமாக இருக்க முடியாது. எல்லா ஜெட்டுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். ஏர் ஃபில்டரை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மிச்சம் ஃப்ளோட்டும் சோக்கும்.

கிண்ணத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஃப்ளோட் என்னும் மிதவை; அது ஏறும்போது ஒரு ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வரும் வழியை மூடும். மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே எல்லா ஜெட்டும் கூடுதலாகக் கொடுக்கும். கிண்ணத்தின் வடிகால் துளையில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபைச் செருகி, அதைக் கார்புரேட்டர் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடித்து வடிகாலைத் திறந்தால், உள்ளே இருக்கும் மட்டம் அப்படியே ட்யூபில் தெரியும். மேனுவலில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்து அளந்தால் பொய் சொல்லும்.

மட்டம் உயரக் காரணங்கள் சில. ஃப்ளோட் ஊசியின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், சுற்றிலும் பள்ளமாக ஒரு வளையம் விழுந்திருந்தால் அது இனி முழுதாக மூடாது. சில நேரம் ஊசியில் குறையே இருக்காது, டேங்க் துருவின் ஒரு பொடி நடுவில் உட்கார்ந்திருக்கும். ஃப்ளோட்டே மூழ்குவதும் உண்டு. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கும். எந்த இடத்தில் ஓட்டை என்று தெரியவில்லையா, சுடுநீரில் அமுக்குங்கள்; உள்ளே இருக்கும் காற்று விரிந்து அந்த இடத்திலிருந்து குமிழ் விடும். ஓட்டையை ஈயத்தால் அடைக்கும் முன் உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுதும் வெளியேறியதா என்று பார்த்துவிட்டுத்தான் சூட்டுக்கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்துதான் வண்டி ரிச் ஆகிவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. எத்தனால் எரிய ஏறக்குறைய ஒன்பது பங்கு காற்றே போதும். எனவே அது கலந்தால் அதே ஜெட்டில் வண்டி லீன் பக்கம்தான் நகரும். ஆனால் பழைய ரப்பர் பாகங்களை எத்தனால் ஊதிப்போகச் செய்யும். அப்படி ஊசியின் ரப்பர் நுனி கெட்டு ஓவர்ஃப்ளோ ஆனால், அந்த வழியில் மட்டும் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

சோக் பக்கம் வந்தால், பல ஜப்பானிய கார்புரேட்டர்களில் சோக் என்று நாம் சொல்வது உண்மையில் தனியாக ஒரு சின்ன பெட்ரோல் வழி. அதைத் திறந்து மூடுவது ஒரு பிளஞ்சர். அதன் அடியில் இருக்கும் ரப்பர் வட்டு காய்ந்து வெடித்தால், லீவரை மூடினாலும் வழி மூடாது. நாள் முழுக்கச் சோக் போட்டு ஓட்டுவதற்குச் சமம். கேபிளில் துளியும் தளர்வு இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாலும் இதேதான். ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் சோக் கேபிள் கொஞ்சம் ஆடுகிறதா என்று சரிபாருங்கள்.

அப்புறம், அழுக்கு. அழுக்கு ஜெட்டை அடைத்தால் லீன் ஆகும், எல்லாருக்கும் தெரியும். அதே அழுக்கு காற்று போகும் வழியை அடைத்தால் ரிச் ஆகும். கார்புரேட்டரின் வாயில், ஏர் ஃபில்டர் பக்கம், சின்னச் சின்னத் துளைகள் தெரியும். பெட்ரோலோடு முன்கூட்டியே காற்றைக் கலந்து நுரையாக்க அவை இருக்கின்றன. கிளீனர் ஸ்ப்ரேயை அங்கே அடித்தால் மறுமுனையில் பீய்ச்சி வர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், அது எப்போதும் நீங்கள் எதிர்பார்க்காத துளை வழியாகத்தான் வரும்.

ஐட்லிங்கில் மட்டும் ரிச்

மிக்ஸர் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பொதுவாக அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அல்லது கலவையைக் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருகினால் லீன். இது தெரியாமல் திருகினால் நோய் எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியாது. உள்ளே திருகும்போது லேசாக முட்டியதும் நிறுத்திவிடுங்கள். கூரிய நுனி, இறுக்கினால் உட்காரும் இடமே பிளந்துவிடும்.

பெரும்பாலான வண்டிகளில் முழுதும் உள்ளே விட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து அங்குமிங்கும் திருகினால் எங்கோ ஓரிடத்தில் எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓட வேண்டும். ஏர் ஸ்க்ரூவை மூன்று சுற்றுக்கு மேல் எடுத்த பிறகுதான் தெளிகிறது என்றால் பைலட் ஜெட் பெரிது, அல்லது அதன் காற்று வழி அடைப்பு. எஞ்சின் பக்க ஸ்க்ரூவை முழுதும் மூடியும் எஞ்சின் கவலையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்போது பெட்ரோல் வேறு வழியாக வருகிறது. சோக்கையும் ஃப்ளோட்டையும் திரும்பப் பாருங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவால் ஸ்லைடை அளவுக்கு மேல் தூக்கி வைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

நடுவில் மட்டும் ரிச்

பழைய வண்டிகளில் மிக அதிகமாகக் காண்பது இதுதான், ஜெட் நம்பரை மாற்றி மாற்றி ஆள் களைத்துப் போவதும் இதில்தான். ஐட்லிங் நன்றாக இருக்கும், முழுதாகத் திருகினாலும் நன்றாக இருக்கும். சாதாரணமாக ஓட்டும் கால் முதல் அரைத் திறப்பில் மட்டும் கனமாக, மந்தமாக, கரி கக்கிக்கொண்டு போகும். குற்றவாளி பெரும்பாலும் தேய்ந்த நீடில் ஜெட்.

எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் நீடில் ஜெட்டின் சுவரில் தட்டுகிறது. பல்லாயிரம் கிலோமீட்டரில் வட்டத் துளை மெல்ல முட்டை வடிவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இவ்வளவு தொல்லை கொடுக்குமா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அமாலில் வரும் .106 நீடில் ஜெட்டின் துளை 0.106 அங்குலம், அதாவது சுமார் 2.69 மி.மீ. நீடிலின் தடிமன் அந்த இடத்தில் 2.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஏறுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளைய இடைவெளி வழியே. அதன் பரப்பு சுமார் 0.77 சதுர மி.மீ. துளை 0.05 மி.மீ. மட்டும் பெரிதானால் பரப்பு 0.99 ஆகிவிடும். ஒரு தலைமயிரின் தடிமன்கூட இல்லாத தேய்மானத்துக்குக் கால் பங்குக்கும் மேல் கூடுதல் பெட்ரோல்!

நீடிலில் இருக்கும் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினால் நீடில் கீழே இறங்கும், கலவை லீனாகும். அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் நீடிலின் மேல்பகுதி கூம்பாக இல்லாமல் நேராக இருக்கும். சின்னத் திறப்பில் ஜெட்டுக்குள் இருப்பது அந்த நேரான பகுதி. அங்கே நீடிலை ஏற்றினாலும் இறக்கினாலும் இடைவெளி மாறாது. கிளிப்பை மாற்றியும் கால் திறப்பில் ரிச் போகவில்லை, அரைக்கு மேல் லீன் ஆகிவிட்டது என்றால் ஜெட் தேய்ந்ததற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. நீடிலையும் நீடில் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய நீடிலின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டினால் தேய்ந்த தடம் பெரும்பாலும் தட்டுப்படும்.

மேல்பக்கம் மட்டும் ரிச்

முக்கால் திறப்புக்கு மேல் மட்டும் திணறினால் இப்போது மெயின் ஜெட்டைச் சந்தேகிக்கலாம். முதலில் அது இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்து கழன்று கிண்ணத்தின் அடியில் கிடக்கும் மெயின் ஜெட்டை எடுத்து மாட்டியதும் சரியான வண்டிகள் உண்டு. இருக்கிறதென்றால் நம்பரைப் படியுங்கள். அமாலிலும் மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டிலும் நம்பர் என்பது பெட்ரோல் பாயும் அளவு. கெய்ஹின் ஜெட்டில் துளையின் விட்டம். ஒரு கம்பெனியின் 120-க்கும் இன்னொன்றின் 120-க்கும் உறவே இல்லை. நம்பர் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா, துளையின் விளிம்பைப் பாருங்கள். யாராவது கம்பியை விட்டுக் குடைந்து சுத்தம் செய்திருந்தால் கீறல் தெரியும். அந்த ஜெட்டில் பொறித்த நம்பருக்கு இனி மதிப்பில்லை.

உறுதி செய்துகொள்ள பிளக் சோதனை இருக்கிறது. புது பிளக் போட்டு, போக்குவரத்து இல்லாத நீண்ட சாலையில் சூடான எஞ்சினை முழுத் திறப்பில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைத்து, உருட்டி நிறுத்துங்கள். ஐட்லிங்கில் ஓடிக்கொண்டே வந்து நின்றால் பிளக் ஐட்லிங் கதையைத்தான் சொல்லும். பழைய மேனுவல்கள் காபி நிறம் வர வேண்டும் என்று எழுதியிருக்கும். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வாக்கு. இன்றைய பெட்ரோலில் அந்த நிறம் அவ்வளவு சுலபமாக வராது. பீங்கானின் அடிப்பகுதியில், பாடிக்குள் ஆழமாகத் தெரியும் மெல்லிய கரி வளையத்தைப் பாருங்கள். மெல்லிசாக ஒரு கோடு என்றால் சரி, பீங்கான் மேல் வரை கறுப்பு ஏறியிருந்தால் ரிச்.

மலை ஏறும்போது மட்டும் திணறும் வண்டியில் எதையும் மாற்றாதீர்கள். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் காற்று மெலிகிறது, கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே இறங்கினால் தானாகச் சரியாகும்.

இரட்டை சிலிண்டர் என்றால்

இங்கே உங்களுக்கு ஒரு வசதி. ஒரு பிளக் மட்டும் கறுப்பு, மற்றது நன்றாக இருக்கிறதென்றால் பிளக்குகளை இடம் மாற்றுங்கள், பிறகு பிளக் கேப்பை. கரி பிளக்கோடு போனால் பிளக், கேப்போடு போனால் கேப். அதே சிலிண்டரில் நின்றால் அந்தப் பக்கத்து கார்புரேட்டர். வேக்யூம் டேப் உள்ள வண்டி என்றால் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரமையும் பாருங்கள். அது கிழிந்தால் வேக்யூம் ஹோஸ் வழியே பச்சைப் பெட்ரோல் நேராக ஒரு சிலிண்டருக்குப் போகும், கார்புரேட்டருக்கு அதில் பங்கே இல்லை. ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருக்கக் கூடாது.

காரணம் கிடைத்துச் சரிசெய்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வையுங்கள். கரி பிடித்த பழைய பிளக்கைத் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டாம். பீங்கானில் படிந்த கரி துடைத்தால் முழுதாகப் போகாது, சரியான கார்புரேட்டரையும் அது கெட்டதாகக் காட்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, எஞ்சினைக் கிளப்பாமல் முதலில் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஊசி கசியும் வண்டியில் டேப்பைத் திறந்தபடி இரவு நிறுத்தினால், டேங்க் பெட்ரோல் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும்.